வலது காதில் செருப்புச் சத்தம்

பொன்னியை அலுவலகத்தில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தெரியாத்தனமாக ஒருமுறை ‘அக்கா’ என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கிற பார்வையில் மறுமுறை அந்தச் சொல்லை எடுக்கமாட்டார்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் உதவியாளர் வேலை, நாற்பத்தெட்டு வயது, முழங்காலில் வலி, ரத்தத்தில் சர்க்கரை, வாயில் மட்டும் எப்போதும் காரம். திமிர் பிடித்தவள் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். ‘அக்கா’ என்கிற அந்த ஒரு சொல் அவளுக்கு ஏன் ஆகாது என்பது அவள் அம்மா எல்லம்மாளுக்கும், மத்தளாங்குளத் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் சீவகனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு எழில் என்று ஒரு தம்பி இருந்தான். ஆறு வயது இளையவன். அவனுக்குச் சத்தங்களைப் பிடித்து வைக்கிற பைத்தியம். மினிடிஸ்க் என்று ஒன்று வந்ததே, உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. கேசட்டுக்கும் சிடிக்கும் நடுவில் புகுந்து, நம் ஊர்ப் பக்கம் சரியாக எட்டிப் பார்ப்பதற்குள் காணாமலும் போய்விட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான சதுரப் பிளாஸ்டிக் கூடு, அதற்குள் ஒரு குட்டித் தட்டு. லாட்ஜில் தங்கி மலையைப் பார்த்துக்கொண்டே ஆறு மாதம் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது தன்னிடமிருந்த இரண்டு மினிடிஸ்க் ரெக்கார்டர்களில் ஒன்றை எழிலுக்கும் இன்னொன்றைச் சீவகனுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கால் தரையில் படவில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எழில் கிரிவலம் போவான். காதுக்கு ஒன்றாக இரண்டு குட்டி மைக்கை மாட்டிக்கொள்வான். இடப்பக்கச் சத்தம் இடது காதிலும் வலப்பக்கச் சத்தம் வலது காதிலும் தனித்தனியாகப் பதியும். தட்டை மெதுவாக ஓடவிட்டால் ஐந்தே கால் மணி நேரம் பிடிக்கும். மலையை ஒரு சுற்றுச் சுற்றி வர அவனுக்கு ஐந்து மணி நேரம். கூடவே பொன்னி நடப்பாள், மாற்று பேட்டரிகளை முந்தானையில் முடிந்துகொண்டு. எட்டு லிங்கம், எட்டு மணிச் சத்தம், கூட்டத்தின் காலடி, சுக்குக் காபி விற்கிறவர் குரல், எல்லாம் ஒரு தட்டில் அடங்கும். இதையெல்லாம் எடுத்து வைத்து என்னடா செய்யப்போகிறாய் என்று அவள் கேட்டால், கேட்கிறதுக்குத்தான் என்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் பெரிய தப்பைச் செய்தான். செத்துப்போன அப்பாவின் குரல் ஒரே ஒரு தட்டில் இருந்தது. விளக்கு வைத்துத் தேவாரம் சொல்லுகிற பதினோரு நிமிஷக் குரல். அதன் மேல் பேர் எழுதாமல் வைத்திருந்தான். வேறு தட்டு என்று நினைத்து அதை அழித்துவிட்டான். பொன்னி சாமி ஆடினாள்.

“அழியலக்கா. பட்டியல்லதான் பேர் போச்சு. குரல் உள்ளதான் இருக்கும். எப்படியாவது எடுத்துத் தர்றேன்” என்று அவன் கெஞ்சினான்.

“செய்யறதயும் செஞ்சுட்டு கதை வேற விடறியா? இனிமே என்னை அக்கானு கூப்பிடாத” என்றாள்.

அன்று ஐப்பசிப் பௌர்ணமி. அவன் தனியாகக் கிரிவலம் போனான். திரும்பி வரவில்லை.

மறுநாள் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சுக்கு அடியில் அவனுடைய ரெக்கார்டர் கிடந்தது. மூடி திறந்து பேட்டரி வெளியே விழுந்திருந்தது. உள்ளே இருந்த தட்டின் மேல் அவன் கையெழுத்தில் ‘ஐப்பசி, முழுச் சுற்று’ என்று இருந்தது. போட்டுப் பார்த்தால் சின்னத் திரையில் ‘காலி’ என்று இங்கிலீஷில் காட்டியது. போலீஸ் ஒரு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. ஏரி, கிணறு, ஆஸ்பத்திரி, ரயில் தண்டவாளம் எல்லாம் தேடியாயிற்று. ஒரு துணி கூடக் கிடைக்கவில்லை.

இருபது வருஷம். எல்லம்மாள் அழுது பார்த்த அழுகையெல்லாம் ஓய்ந்து, ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றாள். அவன் இருக்கிறானா இல்லையா? இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். இல்லை என்றால் போட்டோவுக்குப் பூப் போட்டு, திதி கொடுத்து, மனசை மூடிவிடலாம். இரண்டுமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிற வாழ்க்கை என்ன வாழ்க்கை, நீங்களே சொல்லுங்கள்.

இதில் வீடு மாறியது வேறு. அவன் போகும்போது பேகோபுரத் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். ஒன்பது வருஷம் முன்னால் பொன்னி கடன் வாங்கி வேங்கிக்காலில் சின்னதாக ஒரு வீடு கட்டினாள். எல்லம்மாள் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். “அவன் வந்தா வூடு தெரியாதேடி” என்பாள். கடைசியில் புது விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி, பழைய வீட்டுக் கதவில் பசை போட்டு ஒட்டிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். மழையில் சீட்டு நைந்து போகும். வருஷத்துக்கு இரண்டு முறை பொன்னி போய்ப் புதுசு ஒட்டிவிட்டு வர வேண்டும். அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிறவர்கள் நல்ல மாதிரி, ஒன்றும் சொல்வதில்லை.

போன கார்த்திகையில் எல்லம்மாள் படுக்கையில் விழுந்து எழுந்தாள். டாக்டர், இதயம் ரொம்ப பலவீனம், பார்த்துக்கோங்க என்றார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான் போறதுக்குள்ள ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கணும்டி. எங்க கீறானோ, எப்படி கீறானோ. இல்லன்னாலும் சரி, இல்லன்னு சொல்லிடு.” பொன்னி மறுநாளே பீரோவில் ரசகற்பூர உருண்டைகளோடு கிடந்த ரெக்கார்டரையும் தட்டையும் எடுத்துக்கொண்டு சீவகனிடம் போனாள்.

சீவகன் நயினார் வீட்டுப் பிள்ளை. ஜைனர். பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படாது. ஊரே காது கிழிய மைக் செட் போட்டுக் கொடுக்கிறவர், பேச்சில் அத்தனை மெதுவு.

“எழில் உங்ககிட்ட சொன்னது உண்மைங்க, பொன்னி” என்றார். “இந்தத் தட்டுல முன்பக்கம் ஒரு பட்டியல் இருக்கு. ரெக்கார்டிங் முடிச்சு நிறுத்தினாத்தான் பட்டியல்ல எழுதும். அதுக்குள்ள பேட்டரி போச்சுன்னா, சத்தம் உள்ள பதிஞ்சிருக்கும், பட்டியல்ல இருக்காது. மிஷினுக்குப் பட்டியல்தான் கணக்கு. பட்டியல்ல இல்லன்னா காலின்னுடும்.”

“அப்ப அப்பாவோட குரலும்…”

“அதுவும் உள்ளதான் இருந்திருக்கும். அந்தத் தட்டு அவன் சட்டைப் பையிலயே போயிடுச்சு.”

கதை விடறியா என்று பொன்னி அன்று கேட்ட கேள்வி இருபது வருஷம் கழித்து அவளையே வந்து அறைந்தது.

வழி ஒன்று இருப்பதாகச் சீவகன் சொன்னார். இன்னொரு தட்டில் ஐந்தே கால் மணி நேரம் வெறும் நிசப்தத்தைப் பதிய வேண்டும். முடிந்து, மிஷின் பட்டியல் எழுதப் போகிற அந்த நொடிக்கு முன், மூடி திறந்தது மிஷினுக்குத் தெரியாதபடி மூடிக்கு அடியில் இருக்கிற குட்டிப் பித்தானை ஒரு பல்குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தட்டை மாற்றிவிட வேண்டும். மிஷின் ஏமாந்துபோய் எழிலின் தட்டில் பட்டியலை எழுதிவிடும். கை நடுங்கினால் போச்சு, உள்ளதும் அழிந்துவிடும். நான்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் தன்னுடைய பழைய தட்டுகளை வைத்துப் பழகினார். மூன்று வீணாய்ப் போயின. அதற்கு மேல்தான் எழிலின் தட்டைக் கையில் எடுத்தார்.

அன்று காலை பதினொரு மணி. பொன்னி செருப்பை வாசலில் விட்டுவிட்டு மாடி அறைக்கு ஏறினாள். சீவகன் பல்குச்சியை எடுத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, மிஷினைத் திருப்பிக் காட்டினார். திரையில் ‘காலி’ இல்லை. ஒன்று என்ற எண் இருந்தது. ஸ்பீக்கர் எதற்கு, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் இரைச்சல். பிறகு, வெகு பக்கத்தில், ஒரு தொண்டை கனைப்பு. பொன்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவன்தான். பேசக்கூட வேண்டியதில்லை, அந்தக் கனைப்பு போதும்.

ராஜகோபுரத்தில் தொடங்கி அவன் நடந்தான். வெறுங்காலின் தப் தப் சத்தம். இந்திர லிங்கம், அக்கினி லிங்கம், எம லிங்கம், ஒவ்வொன்றாக மணி கேட்டது. கூட்டம் வந்தது, கலைந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட நடக்க ஆள் இல்லாதவன் யாரிடம் பேசுவான்? மூன்றரை மணி நேரம் இருவரும் அசையாமல் கேட்டார்கள். வாயு லிங்கத்தைத் தாண்டிக் குபேர லிங்கம் நெருங்குகிற இடத்தில், வலது காதில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது.

கீச். கீச். கீச். ஒரு அடி விட்டு ஒரு அடி. செருப்புச் சத்தம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரிவலத்தில் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. அங்கே மனுஷர்கள் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். வலது பக்கம் மலையை ஒட்டியது, கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி வருகிற சித்தர்களுக்கு விட்டது. ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில்தான் அந்தச் செருப்பு நடந்தது. நடுவில் ஒருமுறை நின்றது. பொன்னி மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வரை நின்று மறுபடி நடந்தது.

எழிலின் காலடியும் நின்றது. “அக்கா?” என்றான்.

பொன்னியின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. அவன் குரல் கெஞ்சுகிற மாதிரி, கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாத மாதிரி இருந்தது. பதில் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு யாரோ பதில் சொன்னது போலவே அவன் பேசினான். “கோவம் போச்சா? சரி, நீ முன்னாடி போ. நான் பின்னாலயே வர்றேன். எனக்கு வழி தெரியல.”

கீச் கீச் என்று செருப்பு முன்னால் போயிற்று. வெறுங்கால் பின்னாலேயே போயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. ஈசான்ய லிங்கத்தின் மணி கேட்கவே இல்லை. தார் ரோடு மாறி ஜல்லி நொறுங்குகிற சத்தம் வந்தது. பிறகு இரும்பு ஏதோ கிறீச்சிட்டது. பிறகு காய்ந்த சருகு. அப்புறம் தண்ணீர், சளக் என்று. அதோடு முடிந்தது. மிச்சம் வெறும் நிசப்தம்.

சீவகன் ஹெட்போனைக் கழற்றி வைக்கும்போது மணி நாலு. பொழுது சாய்ந்தால் சாப்பிட முடியாதவர், அன்று மதியச் சாப்பாட்டையே மறந்திருந்தார்.

“குபேர லிங்கத்துலதானே மிஷின் கிடந்தது?” என்றாள் பொன்னி. “அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எப்படி நயினாரே பதிஞ்சிருக்கும்?”

“அதான் எனக்கும் புரியல.”

“மலைய தன் உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவன். வழி தெரியலன்றான். யாரோ என்னை மாதிரி நடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஜல்லி, கல்குவாரிப் பாதை. இரும்பு, கிணத்து ராட்டினமா இருக்கும். அப்புறம் தண்ணி.” அவள் எழுந்துவிட்டாள். “என் தம்பிய கிணத்துல தள்ளிட்டாங்க.”

அவள் படியிறங்கி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு அடி வைத்தாள். சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற செருப்பு. வெறுங்காலோடு ஒரு அடி கூட வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மழையில் நனைந்ததிலிருந்து இடது செருப்பு முனகிக்கொண்டிருந்தது. சீவகன் வாசல்படியில் நின்றபடி அவள் காலையே பார்த்தார்.

“இத எப்ப வாங்கினீங்க?”

“போன மாசம். ஏன்?”

“ஒண்ணுமில்லீங்க” என்றார். அவர் முகம் வெளுத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலும் இல்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது? கிணற்றில் விழுந்தான் என்றா? எந்தக் கிணறு என்பாளே. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பொன்னி முடிவு செய்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே ரெக்கார்டரை இடுப்பில் செருகி, காதில் மாட்டிக்கொண்டு, அவன் அடிக்கு அடி வைத்து நடப்பது. எங்கே ஜல்லி வருகிறதோ அங்கே அவன் திரும்பிய பாதை. இதைவிட நேரான யோசனை உண்டா?

காலை ஆறு மணிக்கு ராஜகோபுரத்தின் முன் பித்தானை அழுத்தினாள். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் இல்லை. பால்காரர்கள், காலை நடைக்கு வந்தவர்கள், வெயிலுக்கு முன் சுற்றி முடித்துவிட வேண்டும் என்று வேகமாக நடக்கிற பத்துப் பேர். ஆனால் அவள் காதில் ஆயிரம் பேர் நடந்தார்கள். அக்கினி லிங்கத்தின் முன் அவள் நிற்கவும் காதில் மணி அடித்தது. எம லிங்கத்திலும் அப்படியே. அவளுக்கு முழங்கால் வலி, அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவளை விட்டு அவன் எங்கேயாவது முந்திப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவளுக்காகவே மெதுவாக நடந்தவன் போல, லிங்கத்துக்கு லிங்கம் கூடவே வந்தான். முதலில் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வருண லிங்கம் தாண்டிய பிறகு லேசாகக் குளிரெடுத்தது. வெயிலோ சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் முழுக்கக் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். கயிறு கட்டி, மண்ணைக் குவித்து, ஒரு பொக்லைன் வேறு குறுக்கே நின்றது. மேஸ்திரி ஒருவர் “அந்தப் பக்கமா போங்கம்மா” என்று கையைக் காட்டினார். பொன்னிக்கு மனசு இல்லை. வேறு வழியும் இல்லை. ரோட்டைக் கடந்து வலது பக்கம், மலையை ஒட்டி நடந்தாள்.

அந்த அடியில் அது தொடங்கியது. கீச். கீச்.

வலது காதிலிருந்த இயர்போன் குமிழைக் கழற்றினாள். வெளியிலும் கீச். கீழே பார்த்தாள். தன் இடது செருப்பு. மாட்டிக்கொண்டாள். காதுக்குள்ளும் அதே கீச், அதே நேரம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. நின்றாள். காதுக்குள்ளும் செருப்பு நின்றது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்று, இரண்டு என்று தன்னையறியாமல் எண்ணினாள். பன்னிரண்டில் அவளுக்கே மூச்சு முட்டி ஒரு அடி எடுத்து வைத்தாள். காதில் கீச் என்றது. அதே பன்னிரண்டு. சீவகன் ஏன் தன் காலைப் பார்த்தார் என்று இப்போது தெரிந்தது.

அப்படியானால் வேறு யாருமில்லை. அவனைக் கூட்டிப் போன செருப்பு இதுதான். கிணற்றுக்கோ குட்டைக்கோ கூட்டிப் போனது நான்தான். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு ரோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. குமிழைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆட்டோ பிடித்து ஓடிவிடலாம். ஓடியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காதில் அவனுடைய வெறுங்கால் சத்தம் நின்றுவிட்டது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“அக்கா?”

மாடி அறையில் கேட்டபோது அந்தக் குரல் தட்டில் இருந்து வந்தது. இப்போது இடது தோளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் இருந்து வந்தது. பொன்னி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். இருந்தால் என்ன செய்வது என்று தெரியாது.

காற்று வீசுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் யோசித்தாள். பதில் சொல்லாமல் இருந்தால் இந்த நடு ரோட்டில், அழைத்துப் போக ஆளில்லாமல், இன்னும் எத்தனை ஐப்பசிக்கு இவன் நின்றுகொண்டிருப்பான்? பதில் சொன்னால் பின்னாலேயே வருவான். வரட்டுமே. நான் எங்கே போகிறேனோ அங்கேதானே வருவான். கிணறும் வேண்டாம், குவாரியும் வேண்டாம். நான் நேராக வீட்டுக்குப் போகிறேன். எந்தத் தண்ணீர் வந்து குறுக்கே நிற்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

“அக்காதான்டா” என்றாள் வாய்விட்டு. “வா, வூட்டுக்குப் போலாம்.”

பள்ளத்துக்குள் நின்றிருந்த ஆள் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். போனில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்.

“கோவம் போச்சா?” என்றது காதில். சின்னப் பிள்ளையில் அடி வாங்கிய பிறகு கேட்பானே, அதே குரல். “சரி, நீ முன்னாடி போ. நான் பின்னாலயே வர்றேன். எனக்கு வழி தெரியல.”

எப்படித் தெரியும்? அவன் போனபோது அந்த வீடே இல்லையே. பொன்னி அழுதுகொண்டே நடந்தாள்.

ஈசான்ய லிங்கம் வரை போகவில்லை. முன்னாலேயே திரும்பி வேலூர் ரோட்டைப் பிடித்தாள். பஸ்கள் அலறிக்கொண்டு போயின. அவள் காதில் பஸ் சத்தம் கொஞ்சம்தான், பின்னால் தப் தப் என்று வருகிற கால் சத்தம் ஜாஸ்தி. சிக்னலில் நின்றாள், அதுவும் நின்றது. கலெக்டர் ஆபீஸ் மதிலை ஒட்டி நிழலில் நடந்தபோது, தினமும் இங்கேதான்டா வேலைக்கு வர்றேன் என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. நிறுத்தாமல் கூட்டிப் போய்ச் சேர்த்தால் போதும் என்று நடந்தாள்.

தன் தெருவுக்குள் திரும்பினாள். காலுக்கடியில் நறநறவென்று நொறுங்கியது. காதிலும் நொறுங்கியது. கீழே பார்த்தாள். கால்வாய் கட்டுவதற்குப் போன வாரம் கொட்டிய ஜல்லி, தெரு முழுக்கச் சிதறிக் கிடந்தது.

இரும்பு. வீட்டு கேட்டைத் தள்ளினாள். எண்ணெய் காணாத கீல் கிறீச்சிட்டது, காதிலும் வெளியிலும் ஒன்றாக. அடுத்தது சருகு. வாசலில் நிற்கிற வாதா மரம் நாலு நாளாக இலை கொட்டுகிறது. பெருக்க நேரமில்லாமல் விட்டிருந்தாள். மிதித்து நடந்தாள். அவள் மிதித்து முடித்த பிறகும் பின்னால் நாலு இலை நொறுங்கியது.

இனி தண்ணீர் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

எல்லம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். கைத்தாங்கல் இல்லாமல் பத்தடி நடக்க முடியாதவள், கையில் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து நின்றிருந்தாள். வெளியே போய் வந்தால் கால் கழுவாமல் யாரையும் உள்ளே விடமாட்டாள், அது அவள் என்றைக்கும் வைத்திருக்கிற சட்டம். மகளை அவள் பார்க்கவே இல்லை. மகளின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“எவ்ளோ புழுதிடா கால்ல” என்றாள். குனிந்து, பொன்னிக்குப் பின்னால் வெறும் சிமெண்ட் தரையில், சளக் என்று தண்ணீரை ஊற்றினாள்.

காதில் அந்தச் சத்தம் கேட்டது. அதோடு முடிந்தது. அதன் பிறகு கால் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. பொன்னி குமிழ்களைக் கழற்றினாள். வாதா மரத்தில் ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது.

எல்லம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. இருபது வருஷமாகப் பொன்னி பார்க்காத ஒரு தெளிவு அந்த முகத்தில் இருந்தது. பொன்னிக்கு அதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

“வந்துட்டான்” என்றாள் எல்லம்மாள். “அதே சட்டை. ஒரு வயசு கூட ஏறல. போனது அன்னிக்கேதான் போலருக்கு.” கொஞ்ச நேரம் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன் போட்டோவ எடுத்து அப்பா பக்கத்துல மாட்டிடு. பழைய வூட்டுக் கதவுல ஒட்டின சீட்டயும் கிழிச்சுட்டு வந்துடு. இனி வாணாம்.”

“சரிம்மா.”

“வழியில உன்ன கூப்ட்டானா?”

பொன்னி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். டாக்டர் சொன்னதை மறந்து, அந்த ஈரத்தின் மேல் வெறுங்காலோடு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கூப்ட்டான்.”

“இன்னானு?”

“அக்கானு.”